இறாலை எடுத்துவிட்டால் போதுமா?



உணவகத்திற்குச் செல்வதற்கு ஒரு திட்டம் தேவையா? பசித்தால் போகிறோம், உணவுப் பட்டியலைப் பார்க்கிறோம், பிடித்ததை வாங்கிச் சாப்பிடுகிறோம். இதில் திட்டமிட என்ன இருக்கிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் நடந்த ஒரு நிகழ்ச்சி என் எண்ணத்தை மாற்றியது.

என் தம்பி ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பொறியாளர். ஒரு வெள்ளிக்கிழமை இரவு கிருஷ்ணகிரியில் இருந்த எனக்குத் தொலைபேசியில் பேசினான்.

"அண்ணா, எங்கள் ஆலைக்குப் புது இயந்திரம் நிறுவ ஸ்பெயினிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறார். வேலை முடிந்துவிட்டது. ஊர் திரும்புமுன் நம் குடும்பத்துக்குத் தம் நாட்டு உணவை வாங்கித் தர வேண்டுமாம். பெங்களூரில் ஓர் உணவகத்தைச் சொல்கிறார். பையனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அவனோ, 'நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள், நான் வீட்டிலேயே இருக்கிறேன்' என்கிறான்."

பயத்திற்குக் காரணம் இருந்தது. பத்தாம் வகுப்பில் படிக்கும் தம்பி மகனுக்கு இறால் ஒவ்வாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் ஓர் உணவகத்தில் அவன் சாப்பிட்டது வெறும் உருளைக்கிழங்கு வறுவல்தான். சற்று நேரத்தில் உதடு வீங்கியது, உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல். மருத்துவமனைக்கு ஓடினார்கள். இறால் பொரித்த எண்ணெயிலேயே கிழங்கையும் பொரித்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் அவன் வெளியில் எதையும் தொடுவதில்லை. ஸ்பானிய உணவென்றால் இறாலும் கணவாயும் நிறைய இருக்கும் அல்லவா?

"அவனும் வரட்டும். முதலில் மருத்துவரைக் கேள். அந்த உணவகத்தின் பட்டியலையும் வாங்கி வை" என்றேன். ஞாயிறன்று காலை பேருந்து ஏறி ஓசூர் சேர்ந்தேன்.

பெயர் மட்டும் போதாது

பட்டியல் கைபேசியில் வந்திருந்தது. தம்பி மகனும், எட்டாம் வகுப்பு படிக்கும் அவன் தங்கையும் அதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். தொர்த்தியா, கஸ்பாச்சோ, பயேயா, அரோஸ் நெக்ரோ... சின்னவளுக்குத் தொர்த்தியா மட்டும் தெரியும். "அது சோள ரொட்டி பெரியப்பா, கடையில் பார்த்திருக்கிறேன்" என்றாள்.

அவள் சொன்னது மெக்சிகோ நாட்டுத் தொர்த்தியா. ஸ்பெயினில் அதே பெயருக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த கனத்த அடை என்று பொருள். பெயரைக் கொண்டு உணவை அறிய முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. இதன் மறுபக்கத்தையும் நம் எல்லையிலேயே காணலாம். கேழ்வரகு உருண்டைக்கு ஜூஜூவாடியில் களி என்று பெயர். சாலையில் சற்றே நடந்து அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் அதுவே முத்தே. பெயர் இரண்டு, உணவு ஒன்று!

ஆகவே ஒவ்வோர் உணவுக்கும் நேரே ஐந்து கேள்விகளை எழுதச் சொன்னேன்.

1. என்னென்ன பொருள்கள் சேர்கின்றன?
2. எந்த நீரில் அல்லது சாற்றில் வேகிறது?
3. எந்த எண்ணெயில் பொரிகிறது? அதில் வேறு எது பொரிகிறது?
4. பாத்திரமும் கரண்டியும் தனியா, பொதுவா?
5. சூடாகப் பரிமாறுகிறார்களா, குளிர்ச்சியாகவா?

பிறகு உணவகத்தாரிடம் தொலைபேசியில் பேசினோம். "பயேயாவில் இறால் உண்டா?" என்று கேட்டோம். "உண்டு சார். ஆனால் கவலை வேண்டாம், உங்களுக்கு இறாலை எடுத்துவிட்டுத் தருகிறோம்" என்று அன்போடு பதில் வந்தது.

இறாலை எடுத்துவிட்டால் போதுமா?

கொதித்தாலும் அழியாத புரதம்

முட்டையை வேகவைத்தால் அதன் வெண்கரு கட்டியாகிவிடுகிறது. வெப்பத்தால் புரதத்தின் வடிவம் குலைந்து, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் போவதே காரணம். எல்லாப் புரதங்களும் இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். இறாலின் தசையில் டிரோப்போமயோசின் என்றொரு புரதம் உண்டு. இறால் ஒவ்வாமைக்கு முதன்மையான காரணம் இதுவே. கயிற்றைப் போல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட இரண்டு சுருள்களால் ஆனது. சூடாக்கினால் முறுக்கு அவிழும். ஆறினால் பெரும்பாலும் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். எனவே கொதிக்கவைப்பதால் இதன் தீங்கு அகலுவதில்லை. போதாக்குறைக்கு இது நீரில் கரையக் கூடியது. இறால் வெந்த சாற்றில் இறங்கிவிடும். சாற்றை அரிசி உறிஞ்சிக்கொள்ளும். மேலே கிடக்கும் இறாலைப் பொறுக்கி எறிந்தாலும் சோற்றுக்குள் புகுந்த புரதத்தை யார் பொறுக்குவது?

நம் உடலுக்கு இந்தப் புரதம் நஞ்சன்று. பெரும்பாலோர் இதைச் செரித்துவிடுகிறார்கள். ஒவ்வாமை உள்ளவரின் உடல் மட்டும் இதைப் பகைவன் எனத் தவறாகக் கருதி ஐஜிஈ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கிறது. அடுத்த முறை அந்தப் புரதம் நுழைந்ததும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளிவிடுகின்றன. தடிப்பும் வீக்கமும் மூச்சுத் திணறலும் அதன் விளைவுகளே. மூச்சு முட்டினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு முதலில் கொடுக்கப்படும் மருந்து அட்ரினலின் ஊசி.

கணவாய், நண்டு ஆகியவற்றின் தசையிலும் இதையொத்த புரதம் உண்டு. ஆகவே கணவாய் மையில் செய்யும் கறுப்புச் சோறு அவனுக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். இறால் கொதிக்கும்போது ஆவியோடு பறக்கும் நுண்துளிகளும் சிலருக்குத் தொல்லை தரும் என்பதால், சமையல் இடத்திலிருந்து தள்ளி உட்காரும்படியும் கூறினார். எழுதிக் கொடுத்த மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டோம்.

இனிப் பயேயாவை விட்டுவிட வேண்டியதுதானா? தம்பி, விருந்தினரிடம் தயக்கத்துடன் செய்தியைச் சொன்னான். அவர் வலென்சியாக்காரர். சிரித்துவிட்டாராம். "எங்கள் ஊரின் பழைய பயேயாவில் இறால் ஏது? கோழி, முயல், பச்சை அவரை, வெண்மொச்சை, சில சமயம் நத்தை, இவைதான்" என்றார். அல்புஃபேரா என்னும் ஏரியைச் சுற்றியுள்ள நெல்வயல்களில் உழவர்கள் விறகடுப்பில் செய்த உணவு அது. கடல் உணவு சேர்ப்பது வேறொரு வகை. ஐந்து கேள்விகளையும் அவரே உணவகத் தலைமைச் சமையல்காரரிடம் கேட்டார். கோழிச் சாறு, தனி வாணலி, தனிக் கரண்டி, புது எண்ணெய் என்று முடிவாயிற்று.

வாணலி ஏன் இவ்வளவு அகலம்?

உணவகத்தில் பயேயா வந்தபோது எல்லாரும் வியந்தோம். மேசையில் பாதியை ஒரே வாணலி அடைத்துக்கொண்டது! அகலமோ மிகுதி, ஆழமோ இரண்டு விரற்கடை. வலென்சிய மொழியில் பயேயா என்ற சொல்லுக்கே வாணலி என்றுதான் பொருள். பாத்திரத்தின் பெயரே உணவுக்கு ஆகிவந்திருக்கிறது.

இந்த வடிவத்தில் ஒரு கணக்கு உண்டு. 20 செ.மீ. விட்டமுள்ள பானையில் 3 லிட்டர் சாறு ஊற்றினால் உயரம் ஏறத்தாழ 9.5 செ.மீ. அதே சாற்றை 40 செ.மீ. விட்டமுள்ள வாணலியில் ஊற்றினால் 2.4 செ.மீ. மட்டுமே. விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது. உயரம் நான்கில் ஒன்றாகிறது. அடியில் நெருப்புப் படும் இடமும் மேலே நீராவி வெளியேறும் இடமும் நான்கு மடங்கு! எனவே நீர் விரைவில் வற்றுகிறது. கீழ்ச் சோறு குழைந்து மேல்சோறு வேகாமல் போகும் தொல்லையும் இல்லை.

நீர் வற்றுவது எளிய வேலையன்று. 25° செல்சியசில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோஜூல் வெப்பம் போதும். அதையே முழுவதும் ஆவியாக்க மேலும் 2,260 கிலோஜூல் தேவை. அதாவது ஏழரை மடங்கு. இதுதான் நீங்கள் படித்த உள்ளுறை வெப்பம். நீர் இருக்கும்வரை வெப்பம் முழுவதும் ஆவியாவதற்கே செலவாகிறது. சோற்றின் வெப்பநிலை கொதிநிலையைத் தாண்டுவதில்லை. அடியில் உள்ள கடைசி நீரும் வற்றியவுடன் வாணலியின் சூடு சட்டென்று ஏறுகிறது. 140 டிகிரியைத் தாண்டும்போது மாவுப்பொருளிலிருந்து வந்த சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சேர்ந்து, மணமுள்ள பழுப்புப் பொருள்களாக மாறுகின்றன. இதை 1912-இல் விளக்கிய பிரெஞ்சு அறிவியலார் லூயி கமில் மய்யார் பெயரால் மய்யார் வினை என்கிறோம். தோசை சிவப்பதும் இதனால்தான்.

இப்படி அடியில் பிடிக்கும் பொன்னிறப் பொருக்கை அவர்கள் சொக்கராத் என்று போற்றுகிறார்கள். நம் வீட்டில் அதற்குக் காந்தல் என்று பெயர். அடிப்பிடித்துவிட்டதே என்று வருந்துவோம்! அங்கே சமையல்காரர் காதால் கேட்டுச் சமைக்கிறார். கொதிக்கும் 'களகள' ஓசை மாறிப் பொரியும் 'சடசட' ஓசை எழுந்தால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். அதற்குமேல் சில நிமிடங்கள்தாம். தவறினால் கரிதான் மிஞ்சும்.

இன்னொன்று. அரிசி போட்ட பிறகு பயேயாவைக் கிளறுவதே இல்லை. கிளறினால் அரிசிகள் உரசி மாவுப்பொருள் வெளிப்பட்டுச் சோறு பசையாகும். நம் களியோ இதற்கு நேர் எதிர். துடுப்பால் விடாமல் கிளறுவதால்தான் மாவு ஒன்றாகத் திரண்டு உருண்டை பிடிக்க வருகிறது. ஒரே மாவுப்பொருளை இரு நாட்டார் இரு வழிகளில் ஆள்கிறார்கள்.

"வலென்சியாவைவிட இங்கே அரிசி வேகச் சற்று நேரம் பிடிப்பதாகச் சமையல்காரர் சொல்கிறார். அரிசியின் குறையோ?" என்று விருந்தினர் கேட்டார். தம்பி மகன் தயங்கித் தயங்கி விடை சொன்னான். வலென்சியா கடற்கரை நகரம். அங்கே நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. பெங்களூரும் ஓசூரும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளன. காற்றழுத்தம் குறைவதால் இங்கே நீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த வாணலியில் அதற்குமேல் சூடு ஏறாது. மூன்று டிகிரி குறைந்தால் வேகும் நேரம் கூடத்தானே செய்யும்! விருந்தினர் எழுந்து அவன் கையைக் குலுக்கினார்.

குளிர்ந்த ரசம்

என் தாயார் முட்டையும் தொடாதவர். அவருக்கென்று கேட்டு வைத்தது கஸ்பாச்சோ. தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், பூண்டு, ஊறவைத்த ரொட்டி, ஆலிவ் எண்ணெய், காடி ஆகியவற்றை அரைத்து, அடுப்பிலேயே ஏற்றாமல் குளிர்ச்சியாகப் பருகும் சாறு. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் தென் ஸ்பெயினின் அந்தலூசியப் பகுதிக்கு உரியது.

தாயார் ஒரு வாய் பருகினார். "அட, இது நம்ம பச்சைப்புளி ரசமாட்டம் இருக்குதே!" என்றார். உண்மைதான். புளியைக் கரைத்து, வெங்காயமும் மிளகாயும் சீரகமும் நசுக்கிப் போட்டுக் கொதிக்கவிடாமல் செய்யும் நம் பக்கத்து ரசத்தின் உறவு அது.

தக்காளி சிவப்பாக இருக்க, கஸ்பாச்சோ ஏன் இளஞ்செம்மஞ்சளாக இருக்கிறது என்று சின்னவள் கேட்டாள். நல்ல கேள்வி. அரைக்கும்போது எண்ணெய் எண்ணற்ற நுண்துளிகளாகச் சிதறிப் பால்மமாகிறது. காற்றுக் குமிழிகளும் கலக்கின்றன. இவை ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் நிறம் வெளுக்கிறது. பால் வெண்மையாகத் தோன்றுவதற்கும் இதே காரணந்தான்.

இது உடலை எவ்வளவு குளிர்விக்கும்? 8 டிகிரியில் உள்ள கால் லிட்டர் சாறு உடல் வெப்பநிலையான 37 டிகிரியை அடைய ஏறத்தாழ 30 கிலோஜூல் வெப்பத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் தோலில் ஒரு கிராம் வியர்வை ஆவியானாலே 2.4 கிலோஜூல் வெளியேறும். ஆக அந்தக் கோப்பையின் குளிர்ச்சி பன்னிரண்டு, பதின்மூன்று கிராம் வியர்வைக்கு ஈடு, அவ்வளவே! வியர்வையாக இழந்த நீரையும் உப்பையும் திருப்பித் தருவதுதான் கஸ்பாச்சோவின் பெரிய உதவி. நம் கம்பங்கூழும் நீர்மோரும் செய்வதும் அதுவே.

இராயக்கோட்டைச் சந்தையில் மலைபோல் குவியும் தக்காளி, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த செடியின் வழிவந்தது. அதற்கு முன் அந்தலூசியாவில் தக்காளியே இல்லாமல் பாதாமும் பூண்டும் ரொட்டியும் அரைத்த வெண்ணிறக் குளிர்சாறு இருந்தது. நம் நாட்டிலும் திவசச் சமையலில் தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் சேர்க்காத வீடுகள் பல. அவை அயலிலிருந்து வந்தவை என்ற நினைவு அடுப்பங்கரையில் இன்னும் தங்கியிருக்கிறது. நமக்கே உரியது என எண்ணும் கேழ்வரகும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலிருந்து வந்ததே!

கறுப்புச் சோறும் தோல் கட்டிய சாறும்

அடுத்த மேசைக்கு அரோஸ் நெக்ரோ வந்தது. கரியைப் போலக் கறுத்த சோறு. கணவாய் தன்னைத் துரத்தும் பகைவனை ஏமாற்றப் பீய்ச்சும் மையே இதன் நிறம். அந்த மையில் இருப்பது மெலனின். நம் தலைமயிரைக் கறுப்பாக்குவதும் மெலனினே. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் எல்லா நிறங்களையும் இது ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிக்கொள்வதால் கறுப்பாகத் தெரிகிறது. தம்பி மகன் தொலைவிலிருந்தே பார்த்துத் திருப்தி அடைந்தான்.

பட்டியலில் 'திரவ ஆலிவ்' என்றும் ஒன்று இருந்தது. பார்க்க ஆலிவ் காய்; வாயில் வைத்தால் மெல்லிய தோல் உடைந்து சாறு பெருகுகிறது! ஸ்பெயினில் ரோசஸ் என்னும் ஊரருகே ஃபெர்ரான் அத்ரியா நடத்திய எல் புய்யி உணவகம் 2003 முதல் இத்தகைய உருண்டைகளால் உலகப் புகழ் பெற்றது. அங்கே இடம் பிடிப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. 2011-இல் அது மூடப்பட்டது.

இதன் மறைபொருள் எளிது. பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து சோடியம் ஆல்ஜினேட் என்ற பொருளை எடுக்கிறார்கள். இதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நீரில் தனித்தனியே மிதக்கும். இரட்டை நேர்மின்னூட்டம் உடைய கால்சியம் அயனி வந்தால் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். உடனே களிபோல் உறையும். கால்சியம் உப்புக் கலந்த ஆலிவ் சாற்றை ஒரு கரண்டி எடுத்து ஆல்ஜினேட் கரைசலில் நழுவவிட்டால், இரண்டும் சந்திக்கும் மேற்பரப்பில் மட்டும் தோல் கட்டுகிறது; உள்ளே சாறு சாறாகவே இருக்கிறது. ஆல்ஜினேட் தரும் சர்காசம், டர்பினேரியா பாசிகள் நம் மன்னார் வளைகுடாவிலும் கிடைக்கின்றன. இராமநாதபுரம் மாவட்டக் கரையில் மீனவப் பெண்கள் இத்தகைய பாசிகளைச் சேகரித்து வந்திருக்கிறார்கள்.

செய்து பாருங்கள்

ஒரே அளவு நீரை (200 மி.லி.) ஓர் உயரமான டம்ளரிலும் ஓர் அகன்ற தாம்பாளத்திலும் ஊற்றி வெயிலில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எஞ்சிய நீரை அளந்து எழுதுங்கள். இரண்டின் பரப்புகளையும் கணக்கிட்டு, நீர் குறைந்த அளவோடு ஒப்பிடுங்கள். அகன்ற வாணலியின் கணக்கு உங்களுக்கு விளங்கிவிடும். பெரியவர் துணையுடன் உங்கள் ஊரில் நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்பதையும் வெப்பமானியால் பாருங்கள். கிருஷ்ணகிரி நண்பர்களும் ஓசூர் நண்பர்களும் விடைகளை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும்.

அன்று இரவு அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குத் திரும்பும்போது மணி பதினொன்று. தம்பி மகனுக்கு ஒரு தடிப்பும் இல்லை, ஓர் இருமலும் இல்லை. அவன் தாய் வழியெல்லாம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவனோ நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பிக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் தேன்கனிக்கோட்டையில் உறவினர் திருமணம். அங்கே சமையற்காரரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை எழுதத்தான்.